கம்பர்லாந்து தீவில் வடக்கே நடக்க: கடற்கரையா, காட்டுப்பாதையா, மண்சாலையா?

மூன்று வழிகளும் ஒரே துறையில் தொடங்கி ஒரே திசையில் போகின்றன. குழப்பமே அதனால்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் தெற்குக் கோடியில், நிலக்கரைக்கு அரண்போல் நீளவாக்கில் கிடக்கும் மணல் தீவு கம்பர்லாந்து. நீளம் 28 கிலோமீட்டர். பாலம் கிடையாது, செயின்ட் மேரீஸ் என்ற சிற்றூரிலிருந்து முக்கால் மணி நேரப் படகுப் பயணம். சீ கேம்ப் துறையில் இறங்கி, வடக்கே ஸ்டாஃபர்ட் முகாம் வரை போய்த் திரும்ப நினைப்பவருக்கு ஒரு பக்கம் 3.5 மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிழக்கே கடற்கரை, நடுவே காட்டுக்குள் ஓடும் பேரலல் டிரெயில், அதற்கு மேற்கே மெயின் ரோடு என்ற மண்சாலை.

ஒரு மார்ச் மாதம் கடற்கரை வழியாகவும், பிறகொரு நவம்பரில் காட்டு வழியாகவும் போய் வந்தேன். இனிப் போனாலும் காட்டுப்பாதைதான். காட்டின் அழகு அதற்குக் காரணமல்ல. ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும்தான் காரணம்.

முதல் முறை கடற்கரையைத் தேர்ந்தெடுத்தவன் என் தம்பி. "தீவுக்கு வந்துவிட்டு மரத்தடியில் நடப்பார்களா அக்கா? கடலோரமாகவே போய்விடலாம், வழி தவறவும் தவறாது" என்றான். நானும் தலையாட்டினேன். நாங்கள் இறங்கிய நேரத்தில் நீர் நன்றாக வற்றியிருந்தது. ஈர மணல் தார்ச்சாலைபோல் கெட்டியாகக் கிடந்தது. செருப்பின் தடம்கூடச் சரியாகப் பதியவில்லை. கரையின் அகலத்தைப் பார்த்து அசந்துபோனோம். ஒன்றேகால் மணி நேரத்தில் ஸ்டாஃபர்ட் வந்துவிட்டது. கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்து, ஆற அமரப் பேசிவிட்டு, இரண்டு மணி தாண்டிக் கிளம்பினோம்.

அதற்குள் கடல் மேலேறியிருந்தது. காலையில் நடந்த தரையே காணவில்லை. மிஞ்சியிருந்தது மணல்மேட்டின் அடிவாரத்தில் ஒரு கீற்று, அதுவும் பொலபொலவென்ற உலர் மணல். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் உள்ளே இறங்கியது, எதிர்க்காற்று வேறு. ஈர மணலில் நடக்கலாமென்று அலைப்பக்கம் போனால் அது காலுக்கடியில் குழைந்தது. கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. வரும்போது ஒன்றேகால் மணி நேரம் பிடித்த தூரத்துக்குத் திரும்பும்போது இரண்டேகால் மணி நேரம் ஆனது. கடைசிப் படகு 4:45-க்கு. துறையை எட்டியபோது என் கைக்கடிகாரத்தில் 4:37. தம்பி அதன் பிறகு மறுகரை வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்ததை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீர் முழுக்க வற்றியதிலிருந்து முழுக்க ஏறுவதற்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். காலை பத்து மணிக்குத் தாழ்ந்திருக்கும் கடல், மாலை நான்கு மணிக்கு உச்சத்தில் நிற்கும். அதாவது காலையில் எவ்வளவு சுகமாகப் போகிறோமோ, திரும்பும்போது அவ்வளவு பாடு. ஜார்ஜியாக் கரையில் இது மற்ற இடங்களைவிடக் கடுமை. அங்கே கரை உட்புறமாக வளைந்து குழிந்திருப்பதால் ஓதம் அந்த வளைவுக்குள் குவிந்து உயர்கிறது; ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் வித்தியாசம். செங்குத்தான கரையாக இருந்தால் இரண்டு மீட்டர் பெரிதல்ல. கம்பர்லாந்தின் கடற்கரையோ தாம்பாளம்போல் தட்டை. நீர் கொஞ்சம் உயர்ந்தாலே நடக்கிற தரை வெகுதூரம் விழுங்கப்பட்டுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவழியில் "போதும், காட்டுக்குள் போய்விடலாம்" என்று நினைத்தால் அது நடக்காது. மணல்மேடுகளைச் சிதையாமல் பிடித்து வைத்திருப்பது சீ ஓட்ஸ் என்ற புல்லின் வேர். அதை மிதித்துக்கொண்டு கண்ட இடத்தில் ஏறக் கூடாது என்பது விதி. குறித்துவைத்த சில இடங்களில் மட்டுமே கடக்கலாம். அவை கடற்கரையிலிருந்து எளிதில் கண்ணில் படுவதில்லை. நாங்கள் ஒன்றைத் தவறவிட்டு, கடந்து வந்த பிறகுதான் உணர்ந்தோம்.

காட்டுப்பாதையில் இந்தக் கவலை எதுவும் இல்லை. காலை எட்டு மணியானாலும் மாலை நான்கு மணியானாலும் தரை ஒன்றுதான்: சருகும் ஊசியிலையும் படிந்த, கால் புதையாத மண். போக ஒன்றரை மணி நேரம் என்றால் வரவும் ஒன்றரை மணி நேரம். கடைசிப் படகை நம்பி வந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓக் மரங்கள் கடற்காற்றில் வளைந்து, கிளைகளைத் தரைவரை இறக்கி நிற்கின்றன. அவற்றிலிருந்து சாம்பல் நிறத் தாடிபோல் தொங்குவதை ஸ்பானிஷ் பாசி என்கிறார்கள். பாசியே அல்ல, அன்னாசிக் குடும்பத்துச் செடி. அடிக்காட்டில் இடுப்பளவுக்குக் குட்டைப் பனை. விசிறி ஓலையைப் பார்த்ததும் பழகிய செடிபோல் தோன்றி, மட்டையைத் தொட்டுப் பார்த்தேன். நம் பனையைப் போலவே விளிம்பில் கருக்கு. விரலில் ரத்தம் வந்தது.

அந்தப் பனைப்புதருக்குள் திடீரென்று பெரிய விலங்கு ஏதோ வருவதுபோல் சருகு அதிரும். நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே வந்தது முயலளவே உள்ள ஆர்மடில்லோ. நம் அழுங்கின் சாயலில் முதுகில் ஓடு போர்த்துக்கொண்டு, எங்களைச் சட்டையே செய்யாமல் மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டு போனது.

குறையும் சொல்ல வேண்டும். காற்று புகாத இடம் என்பதால் கொசு அதிகம். உண்ணியும் உண்டு; காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு நடந்தும், மாலையில் என் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று ஒட்டியிருந்தது. கடலைப் பார்க்கவே முடியாது. காற்று திசை மாறும்போது இரைச்சல் மட்டும் கேட்கும். ஸ்டாஃபர்ட்டில் கிழக்கே திரும்பிக் கடற்கரைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

மண்சாலையைப் பற்றி நீட்டி எழுத அவ்வளவு இல்லை. நேராகப் போகிறது, வழி தவறாது, அவ்வப்போது பூங்கா ஊழியர்களின் வண்டியோ தீவில் குடியிருப்பவர்களின் வண்டியோ புழுதி கிளப்பும். சைக்கிள் இருந்தால் இதுதான் வழி, ஏனென்றால் காட்டுப்பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஒரே ஒரு விசேஷம்: சுறாப் பல். ஆற்றுப்படுகையில் தூர்வாரிய மண்ணைச் சாலையில் கொட்டியிருப்பதால் பழங்காலச் சுறாக்களின் பற்கள் அதில் கலந்து கிடக்கின்றன. நவம்பரில் திரும்பும்போது, துறைக்குச் சற்று முன்னால் சாலையில் குனிந்துகொண்டே நடந்த தம்பிக்குக் கருப்பாக, மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று கிடைத்தது. கடற்கரையில் முன்பு மணிக்கணக்கில் தேடியும் அகப்படாதது.

கடற்கரையை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. போகிற நாளின் ஓத அட்டவணையைப் பாருங்கள். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு நீர் வற்றுகிற நாளாக இருந்தால், காலையில் காட்டு வழியாகப் போய், திரும்பும்போது கடலோரமாக வரலாம். ஓத நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தவருக்கு அப்படி ஒன்று நிச்சயம் அமையும். காட்டுக் குதிரைகள் அலையோரம் வந்து நிற்பதை அருகிலிருந்து பார்த்ததும் கடற்கரையில்தான். அதை மறுக்க மாட்டேன்.

சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் வடக்கே போகவே வேண்டாம். தெற்கே, 1959-இல் தீப்பிடித்து எரிந்த டன்ஜனஸ் மாளிகையின் இடிபாடு வரை ஆற்றோரமாக நடந்து, சதுப்பு நிலத்தின் மேல் போட்ட மரப்பாலத்தில் நண்டு பார்த்துவிட்டு, கடற்கரை வழியாகத் திரும்பலாம். தூரம் குறைவு, ஓதமும் பெரிதாக மிரட்டாது. தீவில் கடை கிடையாது என்பதால் சாப்பாடு கையோடு வர வேண்டும். குப்பையையும் கையோடு திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

கோடையைப் பற்றி நான் சொன்னால் அது கேட்டறிந்ததாகத்தான் இருக்கும். வெயிலும் கொசுவும் சேர்ந்தால் என் தீர்ப்பு மாறலாம். அதேபோல் 10.6 மைல் தொலைவிலுள்ள பிரிக்ஹில் பிளஃப் முகாம் வரை மூட்டை சுமந்து போய் இரவு தங்கியதும் இல்லை. தம்பி போகலாம் என்கிறான். இந்த முறை ஓத அட்டவணையை அவனே அனுப்பியிருக்கிறான்.