எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஆலோசனை: மதுரை மருத்துவமனை ஒன்றின் சேவை

கீழக்கரையிலிருந்து என் லாத்தாவை (அக்காவை) அழைத்துச் சென்று, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் ஆலோசனை பெற்றோம். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) 38, சர்க்கரை நோயும் உண்டு என்றதுமே தேதி குறித்துவிடாமல், எண்டோஸ்கோபி, தைராய்டு, இதயப் பரிசோதனைகள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்ற ஆய்வு, மனநல ஆலோசனை ஆகியவை முடிந்த பிறகே முடிவெடுக்கச் சொன்னது பாராட்டத்தக்கது. ஸ்லீவ் என்னும் அறுவை முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதம் நிரந்தரமாக அகற்றப்படும் என்பதையும், நெஞ்செரிச்சல் மிகுந்தவர்களுக்கு, உணவு செல்லும் பாதையை மாற்றியமைக்கும் இரைப்பை பைபாஸ் பொருத்தமாக இருக்கக்கூடும் என்பதையும் மருத்துவர் படம் வரைந்தே விளக்கினார்.

இப்பிரிவின் பலம் உணவியல் நிபுணர்தான். அச்சடித்த தாளை நீட்டாமல் எங்கள் வீட்டுச் சமையலைக் கேட்டறிந்து, நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் என்ற இலக்கை எட்ட, விளைமீன் குழம்பில் தேங்காய்ப்பாலைக் குறைத்து மீனைக் கூட்டும்படி கைப்பட எழுதிக் கொடுத்தார். தொதல் என்ற எங்கள் ஊர் இனிப்புக்கு மட்டும் அதில் இடமில்லை. லாத்தாவுக்கு அதுதான் பெரிய வருத்தம். கல்லீரல் சுருங்குவதற்காக, அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் குறைந்த கலோரி திரவ உணவு உண்ண வேண்டியிருக்கும் என்றும் கூறினார்.

ஆயுள் முழுவதும் தேவைப்படும் வைட்டமின் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனைகளும் தொகுப்புக் கட்டணத்தில் அடங்காது என்பது நாங்கள் கேட்ட பிறகே தெரிந்தது. அப்பரிசோதனைகளை ராமநாதபுரத்திலேயே செய்துகொள்ளலாமா என்பதற்கும் தெளிவான பதில் இல்லை. அதை எழுத்தில் பெற்ற பின்னரே தேதி குறிக்க எண்ணியுள்ளோம்.