தனி பேட்டரி விளக்கா, மைய பேட்டரி அமைப்பா?

மின்சாரம் நின்றவுடன் படிக்கட்டிலும் வெளியேறும் வழியிலும் எரிய வேண்டிய அவசரகால விளக்குகள் குறைந்தது 90 நிமிடம் ஒளிர வேண்டும் என்கிறது இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதற்கான பேட்டரியை ஒவ்வொரு விளக்குக்குள்ளும் வைக்கலாம். ஓர் அறையில் மொத்தமாக நிறுவி அங்கிருந்து கேபிள் இழுக்கவும் செய்யலாம்.

தனி விளக்கைப் பொருத்துவது எளிது. ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும். சிக்கல் பராமரிப்பில்தான் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்குள் தேங்கும் வெப்பம் நிக்கல்-காட்மியம் பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடும். அப்போதும் சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சிறு விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவும் செய்யும், ஆனால் 90 நிமிடம் ஆகுமுன்பே வெளிச்சம் மங்கிவிடும். முழு நேரமும் எரியவிட்டுப் பார்க்காதவரை இது தெரியவராது.

மைய அமைப்பில் பேட்டரிகள் காற்றோட்டமுள்ள அறையில் இருப்பதால் கூடுதல் காலம் உழைக்கும். பேட்டரிச் சோதனையும் ஓரிடத்தில் முடிந்துவிடும். ஆனால் விளக்கு வரை செல்லும் கேபிள் தீயைத் தாங்கும் வகையாக இல்லாவிட்டால், தீப்பிடித்த வேளையிலேயே ஒரு தளம் முழுவதும் இருளாகிவிடக்கூடும். கேபிளில் சிக்கனம் பார்ப்பவர்கள் இதை நாடவே கூடாது.

கடை, வங்கிக் கிளை, சிறிய திருமண மண்டபம் ஆகியவற்றுக்குத் தனி விளக்கே போதும். நூற்றுக்கணக்கான விளக்குகள் தேவைப்படும் பல மாடி மருத்துவமனைக்கு மைய அமைப்பையே பரிந்துரைப்பேன். அங்கும் படிக்கட்டுகளில் சில தனி விளக்குகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது.