இடுப்பு எம்.ஆர்.ஐ.: ஒரு ஸ்கேன் மையத்தைப் பற்றிய மதிப்பீடு

அம்மாவின் இடுப்பு வலிக்காக எங்கள் ஊரிலுள்ள ஒரு ஸ்கேன் மையத்தில், 1.5 டெஸ்லா காந்தப்புல வலிமை கொண்ட கருவியில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். காந்தம் எந்நேரமும் விசையுடனேயே இருக்கும் என்பதால், தாலிச் சங்கிலி முதல் கொண்டை ஊசி வரை கழற்றச் சொல்லி, பேஸ்மேக்கர் உண்டா என்று இரண்டு முறை கேட்டுப் பதிந்துகொண்ட கவனத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்ததால் அம்மா அசையாமல் படுத்திருந்தார். சத்தத்தைத்தான், காதடைப்பான் இருந்தும், இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

முதுகெலும்பின் நெடுக்குவெட்டில் டி1, டி2, கொழுப்பின் ஒளியை அடக்கி எலும்பு மஜ்ஜையின் வீக்கத்தைக் காட்டும் ஸ்டிர் ஆகிய மூன்று படவகைகளும் தெளிவாக வந்திருந்தன. டி2 படத்தில் நீர் வெளுப்பாகத் தெரியுமாதலால், தண்டுவட நீர் பளிச்சென்றும், நீர் வற்றிய எல்4-எல்5 வட்டு (நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ளது) கறுத்தும் இருந்ததை எங்களாலேயே பார்க்க முடிந்தது.

குறை குறுக்குவெட்டில்தான். ஒவ்வொரு வட்டின் சாய்வுக்கும் ஏற்பக் கோணத்தைத் திருப்பாமல், எல்லா மட்டங்களையும் ஒரே கோணத்தில் எடுத்திருந்ததால், அதற்கு அடுத்துக் கீழே, மிகவும் சாய்ந்திருக்கும் எல்5-எஸ்1 வட்டைப் படத்தளம் சரிவாக வெட்டியிருந்தது. அங்கே நரம்பு அழுந்துகிறதா என்பதை மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோணம் மாற்றாத தொடர் அடுக்குக்கும் பயன் உண்டு, ஆனால் அது மட்டும் போதாது என்றார் அவர். மறுநாள் அந்த மட்டத்தை மட்டும் கட்டணமின்றி மீண்டும் எடுத்துத் தந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.