உதயகிரிக் கோட்டை: மானை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

தக்கலைப் பக்கம் வருகிறவர்கள் முதலில் பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றுவார்கள். கால் ஓய்ந்த பிறகு, பக்கத்தில் புலியூர்க்குறிச்சியிலிருக்கும் உதயகிரிக் கோட்டைக்கு வருவார்கள். கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான், பறவைக் கூண்டு, பிள்ளைகளுக்கு விளையாட இடம். அதோடு சரி, வண்டி ஏறிவிடுவார்கள்.

வரிசையை மாற்றுங்கள்: காலையில் கோட்டை, பிறகு அரண்மனை. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அது நிற்பது தமிழ்நாட்டு மண், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. கோட்டைச் சீட்டு அங்கே செல்லாது. பேருந்தில் வந்தால் நாகர்கோவில் வடசேரியில் தக்கலை வண்டி ஏறிப் புலியூர்க்குறிச்சியில் இறங்குங்கள்.

உள்ளே தேட வேண்டியது கூரையில்லாத சிறு தேவாலயம். அங்குதான் டிலனாய் கல்லறை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி. பிறகு அதே மன்னரின் படையைப் பழக்கித் தளபதியானவர். இந்தக் கோட்டையைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டியதும் அவர் மேற்பார்வையில்தான். பீரங்கி வார்க்கும் உலையும் இங்கே இருந்தது. இத்தனை பலமான மதிலும் 1809இல், திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் எழுச்சியின்போது, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது.

கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் உண்டு. லத்தீன், ‘வழிப்போக்கனே, நில்’ என்று தொடங்கும். ஏறத்தாழ 37 ஆண்டுச் சேவை, காயங்குளம் முதல் கொச்சி வரை அடக்கிய நாடுகள், 62 வயது 5 மாதம், மறைந்த நாள் 1777 ஜூன் 1 என எல்லாம் கல்லிலேயே இருக்கிறது. உச்சிவெயிலில் போனால் எழுத்து மங்கித் தட்டையாகத் தெரியும். காலைச் சாய்வெயில்தான் சரி. தப்பினால், போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சாக்பீஸ் தேய்ப்பது வேண்டாம், கல் கெடும். பக்கத்திலேயே மனைவியும், 1765இல் களக்காட்டுச் சண்டையில் இறந்த மகனும்.

2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகம் செய்தவரும் இதே டிலனாய்தான். தேவசகாயம் பிள்ளையின் நினைவான முட்டிடிச்சான்பாறை இதே ஊரில் இருக்கிறது. அரை மணி ஒதுக்கலாம்.

என் மதிப்பெண்: பூங்காவுக்குத் தாராளமாக ஐந்துக்கு மூன்று, கல்லறைக்கு ஐந்தும். குமரியில் இரண்டு பருவமழையும் பெய்யும். மழை விட்ட மறுநாள் கற்களில் பாசி வழுக்கும், தேய்ந்த ரப்பர் செருப்போடு போகாதீர்கள்.