நானுஓயா ரோட்டுல எட்டு வருஷமா ஆல்டோ: டயர், லைட் பத்தி என் அனுபவம்

2015 மாடல் ஆல்டோ 800, 2017ல செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. எடுக்கும்போது மீட்டர்ல 31,000, இப்ப 1,26,000 தாண்டிருச்சி. வீடு இலங்கை மலைநாட்டுல நுவரெலியாப் பக்கம் நானுஓயா, வேலை தலவாக்கலையில, மாசத்துக்கு ஒரு தடவை அம்மாவ கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டு ரம்பொடை வழியா கண்டிக்குப் போறது. ஏத்தம், எறக்கம், முடக்கு (வளைவு), மழை, பனி மூட்டம், இது அஞ்சும் இல்லாத ஒரு நாள் இந்தக் காருக்குக் கெடைச்சதே இல்ல. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரி வரைக்கும் புதுக் கார் வரவே இல்ல, செகண்ட் ஹேண்ட் விலையும் எங்கயோ போயிருச்சி, அதனால மாத்துற யோசனைய விட்டுட்டு இருக்கிறத ஒழுங்கா வச்சிருப்போம்னு முடிவு பண்ணி ஒவ்வொண்ணாப் படிச்சிக்கிட்டேன்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். என்ஜின்ல கோளாறுன்னா சத்தம் வரும், பிரேக் பேட் தேஞ்சா கிரீச்சுங்கும், கிளச் போனா வண்டி இழுக்காது. டயரும் லைட்டும் மட்டும் வாயே தொறக்காது. டயர் தேஞ்சது மழையில வழுக்கும்போதுதான் தெரியும், பின்னால லைட் எரியலங்கிறது பின்னால வாறவனுக்குத்தான் தெரியும். சர்விஸ் குடுத்தா எல்லாம் பாத்துருப்பாங்கன்னு நானும் ரெண்டு வருஷம் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்.

2019 நவம்பர்ல ஒரு நாள் பின்னேரம் கண்டியில இருந்து வாறோம். ரம்பொடை தாண்டி மேல ஏற ஏற மூட்டம் இறங்கிருச்சி, முன்னுக்குப் பத்து அடிக்கு மேல ஒண்ணும் தெரியல, ஒரு முடக்குல எதிர்ல பஸ் வந்ததும் பிரேக் புடிச்சேன், பின்னால ஒரு மரக்கறி லொறி டயர் தேய தேய கத்திக்கிட்டு வந்து எங்க பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்னுச்சி. பின் சீட்டுல அம்மா. லொறிக்காரர் இறங்கி வந்து ஏசப்போறார்னு நெனச்சேன், அவர் அமைதியா "தம்பி, ஒங்களுக்கு பிரேக் லைட் ரெண்டும் எரியல, தெரியுமா?"ன்னு கேட்டாரு. ரெண்டு வாரத்துக்கு முந்தித்தான் சர்விஸ் செஞ்சிருந்தேன். அந்தக் கேள்விய நான் இன்னும் மறக்கல.

பின் லைட்டுல இருக்கிறது 21/5 வாட் பல்பு, ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு இழை. 5 வாட் இழை ராவுல சும்மா எரியிறதுக்கு, 21 வாட் இழை பிரேக் புடிச்சா பளிச்சுன்னு எரியிறதுக்கு. சின்ன இழை எரியிறதப் பாத்துட்டு லைட் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சிருவோம், பெரிய இழை செத்துப்போயி மாசக்கணக்கா இருக்கும். ஒரு பக்கம் மட்டும் எரியலன்னா பெரும்பாலும் பல்பு, இல்லாட்டி ஹோல்டர்ல துரு. ரெண்டு பக்கமும் ஒண்ணா எரியலன்னா மொதல்ல ஃபியூஸையும் பிரேக் பெடலுக்கு மேல இருக்கிற சின்ன சுவிட்சையும் பாருங்க. எனக்கு அந்த சுவிட்ச்தான் போயிருந்துச்சி, கராஜ் மெக்கானிக் பத்து நிமிசத்துல மாத்திட்டாரு. அதுல இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இருட்டுனதும் வண்டிய ரிவர்ஸ்ல சுவத்துகிட்ட கொண்டுபோயி பிரேக்க மிதிச்சிக் கண்ணாடியில பாக்குறது, ரெண்டு செவப்பு வட்டம் விழணும். அப்புறம் சிக்னல், அப்புறம் ரிவர்ஸ் லைட். ரெண்டே நிமிசம்.

முன் லைட்டுல நான் செஞ்ச தப்பு எல்ஈடி பல்பு. வெள்ளையா பவரா இருக்கும்னு சொன்னாங்க, போட்டதும் நல்ல ரோட்டுல சந்தோசமாத்தான் இருந்துச்சி, மூட்டத்துக்குள்ள போனா முன்னுக்கு வெள்ளைச் சீலை கட்டுன மாதிரி ஆயிருச்சி. எதிர்ல வாற பஸ்காரங்க எல்லாம் லைட் அடிச்சி ஏசுறாங்க. காரணம் என்னன்னா உள்ள இருக்கிற ரிஃப்ளெக்டர் பழைய ஹலஜன் பல்போட இழை இருக்கிற இடத்துக்கு அளவெடுத்துச் செஞ்சது, வேற மாதிரி பல்ப அதுக்குள்ள வச்சா வெளிச்சம் கண்டபடி செதறும். ஆறு மாசத்துல கழட்டிட்டு பழையபடி எச்4, 60/55 வாட் ஹலஜனே போட்டேன், மூட்டத்துல லோ பீம்லதான் போறது. ஹை பீம் போட்டா பனித்துளியில பட்டு வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பி வரும். மாத்தும்போது பல்பு கண்ணாடிய வெறும் விரலால தொட்டுறாதீங்க, விரல் எண்ணெய் பட்ட எடம் கூடச் சூடாகி சீக்கிரம் போயிரும். தொட்டுட்டா ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டு மாட்டுங்க. ஒரு பக்கம் போனா ரெண்டையும் மாத்துங்க, மத்ததும் அதே வயசுதான்.

லைட்டோட மேல் மூடி மஞ்சளாகுறது வெயில்ல எந்தக் காருக்கும் வரும், அது பொலிகாபனேட்ங்கிற பிளாஸ்டிக். 1000, 2000 நம்பர் தண்ணித் தாள (தண்ணி போட்டுத் தேக்கிற உப்புத்தாள்) வச்சி நனைச்சி நனைச்சித் தேச்சி பொலிஷ் போட்டேன், வெளிச்சம் புதுசு மாதிரி வந்துச்சி. டூத்பேஸ்ட் வச்சித் தேக்கிறது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். இன்னொண்ணு, டிக்கியில கிழங்கு மூட்டைய ஏத்திக்கிட்டுப் போறவங்க கவனிங்க, பின்பக்கம் தாழ்ந்தா முன் லைட் மேல தூக்கி எதிர்ல வாறவங்க கண்ணுல அடிக்கும்.

இனி டயர். இந்த வண்டிக்கு 145/80 ஆர்12, சின்ன டயர், அதனால காத்துல 4 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) கொறைஞ்சாக்கூட முடக்குல ஸ்டியரிங் பாரமாத் தெரியும். எவ்வளவு காத்துங்கிறது டிரைவர் கதவுப் பக்கம் இருக்கிற ஸ்டிக்கர்ல பாருங்க, டயர்லயே அடிச்சிருக்கிறது அந்த டயர் தாங்குற கூடின அளவு, அத நம்பி அடிக்கக் கூடாது. ஓடிட்டு வந்து சூடா இருக்கும்போது பாத்தா கூட்டிக் காட்டும், காலையில வண்டிய எடுக்க முந்திப் பாக்கணும். ஜனவரியில நுவரெலியாப் பக்கம் பனி உறையிற காலையில காத்து கொறஞ்சிதான் நிக்கும், சுமாரா 5, 6 டிகிரி குளிருக்கு 1 பி.எஸ்.ஐ. இறங்கும். பெட்ரோல் ஷெட்ல இருக்கிற காத்து மீட்டர் எடத்துக்கு எடம் ஒவ்வொரு மாதிரி காட்டுச்சி, சொந்தமா ஒரு சின்ன கேஜ் வாங்கி டேஷ்போர்டுல போட்டேன். நான் வாங்குன சாமான்லயே ரொம்பப் பிரயோசனமானது அதுதான்.

தேய்மானத்தக் காட்ட டயர் காடிக்குள்ள (வெட்டுப் பள்ளத்துக்குள்ள) சின்ன மேடு இருக்கும், காடி 1.6 மில்லிமீட்டருக்கு வந்தா அந்த மேடும் டயரும் சமமாயிரும், அதோட கத முடிஞ்சிது. ஆனா நம்ம ரோட்டுக்கு நான் அதுவரைக்கும் வைக்கிறதில்ல, 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாத்திர்றேன், மே மாசம் தென்மேற்கு மழை ஆரம்பிச்சா ரோட்டுல தண்ணி ஆறா ஓடும், காடி ஆழம் இல்லாட்டி அந்தத் தண்ணி போக வழி இல்ல. முடக்குலயே ஓடுறதால முன் டயர் வெளி ஓரம்தான் மொதல்ல தேயும், 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னுக்கும் பின்னுக்கும் மாத்திப் போடுறேன். டித்வா புயலுக்குப் பொறகு ரோட்டுல குழி கூடிப்போச்சி, ஒரு குழியில விழுந்து எழும்புன நாள்ல இருந்து வண்டி இடப்பக்கமே இழுத்துச்சி, அலைன்மென்ட் (வீல நேராக்குறது) செஞ்சதும் சரியாச்சி. அத விட்டுட்டு ஓடியிருந்தா ஒரு டயர் வீணாயிருக்கும்.

2022ல சல்லி இல்லாம ரெண்டு டயர் மட்டும் மாத்துனேன். இழுக்கிறது முன் வீல்தானே, புதுச முன்னுக்குப் போடுங்கன்னு கடையில சொன்னாங்க, எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சி. ஒரு தெரிஞ்ச அண்ணன்தான், பஸ் ஓட்டுறவரு, வேணாம்னு சொன்னாரு. முன் டயர் வழுக்குனா கால எடுத்தாப் போதும், திரும்பப் புடிச்சிக்கும். எறக்கத்துல ஈர முடக்குல பின் டயர் வழுக்குனா வண்டி சுத்திப் பள்ளத்தப் பாக்கத் திரும்பிரும், சாதாரண ஆளால அத நிப்பாட்ட ஏலாது. அதனால ரெண்டு மட்டும் வாங்குனா நல்ல டயர் பின்னுக்குத்தான். களனியில செய்யிற சியெட் ரெண்டு வாங்கிப் பின்னுக்குப் போட்டேன், 38,000 கிலோமீட்டர் ஓடுச்சி, மழையில பயமில்லாமப் போனேன்.

ஸ்பேர் வீல மறந்துறாதீங்க. ஒரு தடவை கொட்டுற மழையில லபுக்கலையில பங்சர், ஸ்பேர எடுத்தா அதுலயும் காத்து இல்ல, ஓரமெல்லாம் வெடிப்பு. டயர் ஓரத்துல கடைசி நாலு எண் இருக்கும், 2319ன்னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். என் ஸ்பேர்ல இருந்தது 4614, வண்டியோட வந்தது, ஒரு நாள் கூட ஓடல, ஆனா ரப்பர் சும்மா இருந்தாலும் வயசாகும். ஆட்டோவுல வீல ஏத்திக்கிட்டு நுவரெலியா போயி வந்தோம். இப்ப மாசத்துக்கு ஒரு தடவை அதுலயும் காத்துப் பாக்குறேன், ஜெக், வீல் ஸ்பேனர், டோர்ச், ஒரு பழைய பாய்த் துண்டு எல்லாம் டிக்கியில.

மத்ததெல்லாம் சுருக்கமா. எறக்கத்துல ரெண்டாவது கியர்ல விட்டா என்ஜினே புடிக்கும், பிரேக்ல கால வச்சிக்கிட்டே வந்தா சூடாகி வாடை அடிக்கும், அப்புறம் பெடல் மெத்துன்னு உள்ள போகும். பிரேக் ஒயில் ஈரத்த உறிஞ்சும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. வைப்பர் ரப்பர் வருஷத்துக்கு ஒரு சோடி. குளிர் காலையில ஸ்டார்ட் ஆக முக்குனா மொதல்ல பேட்டரி முனையில வெள்ளைப் பூப் பூத்திருக்கான்னு பாத்து சுடுதண்ணி ஊத்திக் கழுவுங்க.

இப்ப முன் ரெண்டும் 3 மில்லிமீட்டருக்குக் கிட்ட வந்துருச்சி. நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசன் பாக்க வாற சனம் கொறஞ்சதும், மழைக்கு முந்தி, ரெண்டு புதுசு வாங்கிப் பின்னுக்குப் போட்டு, பின்னால இருக்கிறத முன்னுக்குக் கொண்டு வரணும்.