‘எஃப்எல்பி வாக்யூம்’னு நம்பி 1,86,440 ரூபாய் போச்சு: மாவு மில், தூள் மில்காரங்க பாத்துக்குங்க

போன மாசம் ஒரு சாயந்திரம், மாவுத் தூசு உறிஞ்ச வாங்கின வாக்யூம் மெஷினோட மேல்மூடியைக் கழட்டினோம். உள்ளே இருந்தது கார்பன் பிரஷ் மோட்டார். ஒண்ணு இல்ல, மூணு. கார் வாஷ்ல சீட் உறிஞ்ச வச்சிருப்பாங்களே, அந்த மெஷின்ல வர்ற அதே மோட்டார். இதைத்தான் ‘தூசு வெடிக்கிற இடத்துக்குன்னே செஞ்சது, ஃபுல் எஃப்எல்பி (ஃபிளேம் புரூஃப்)’ன்னு சொல்லி வித்திருக்கான். விலை 1,58,000. மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 1,86,440 ரூபாய்.

இடம் ஆத்தூர் பக்கம் ஒரு கிழங்கு மாவு மில். டிரையர் தாண்டி சல்லடை, அதுக்குப் பக்கத்துல மூட்டை பிடிக்கிற இடம். கர்டர், கேபிள் டிரே, லைட் மூடி எல்லாத்து மேலயும் மாவு படியும். இதை ஏர் ஹோஸால ஊதித் தள்ளுறதுதான் பல மில்லுல வழக்கம். அதைவிட ஆபத்தான வேலை கிடையாது. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மாவு படிஞ்சா ஏறக்குறைய 500 கிராம். 5 மீட்டர் உயர ரூம்ல அது மொத்தமும் கிளம்பினா கன மீட்டருக்கு 100 கிராம். இந்த மாதிரி தூள்கள்ல பெரும்பாலானதுக்கு 50லேர்ந்து 100 கிராமே வெடிக்கப் போதும். 2008 பிப்ரவரி 7ஆம் தேதி அமெரிக்காவுல, ஜார்ஜியா போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில 14 பேர் செத்தது இப்படித்தான். முதல் வெடி ஒரு மூடின கன்வேயருக்குள்ள. அந்த அதிர்வுல தரையிலயும் உத்தரத்துலயும் வருஷக்கணக்கா படிஞ்ச சர்க்கரைத் தூள் கிளம்பி, அடுத்தடுத்து வெடிச்சு கட்டடத்தையே எடுத்துட்டுப் போச்சு.

அதனாலதான் வாக்யூம் தேடினது. பெரிய ஆன்லைன் மொத்த வியாபாரத் தளம் ஒண்ணு, பேர் வேண்டாம். விசாரிச்ச அரை மணி நேரத்துல விக்கிறவன்கிட்டேர்ந்து போன். ‘உங்க ஏரியா ஜோன் 21ஆ, 22ஆ சார்?’னு அவனே கேட்டான். வெடிக்கிற தூசு எவ்வளவு அடிக்கடி காத்துல கிளம்பும்னு இடத்தைப் பிரிக்கிற கணக்கு அது. அங்கதான் விழுந்தோம். ஜோன் தெரிஞ்சவன் ஏமாத்த மாட்டான்னு ஒரு நினைப்பு! சர்ட்டிபிகேட் பிடிஎஃப் வந்துச்சு, பாடியில அறுகோணத்துக்குள்ள ‘எக்ஸ்’ போட்ட மஞ்சள் ஸ்டிக்கரோட போட்டோ வந்துச்சு, மாவை உறிஞ்சிக் காட்டுற வீடியோ வந்துச்சு. ‘தளம் வழியா வேண்டாம் சார், நேரா கரண்ட் அக்கவுண்ட்ல போடுங்க, லாரி வாடகை எங்களது’ன்னான். பாதி அட்வான்ஸ், பாதி லோடு ஏத்துறதுக்கு முன்னாடி. 1,86,440 ரூபாயும் பொருள் வர்றதுக்கு முன்னாடியே கைமாறியாச்சு.

வந்த பொருளோட லட்சணத்தைக் கேளுங்க. பிரஷ் மோட்டார்ல பிரஷ் கம்யூட்டேட்டர்ல (கூடவே சுத்துற செம்பு வளையம்) உரசுற இடத்துல பொறி பறந்துக்கிட்டே இருக்கும், அது ரிப்பேர் இல்ல, அதோட இயல்பே அதுதான். மோட்டார் சூடு தணிய ரூம் காத்தைத்தான் இழுக்குது. ரூம் காத்துல மாவு. அது நேரா பொறி மேல போகுது. இந்த வேலைக்கு பிரஷ்ஷே இல்லாத த்ரீ பேஸ் இன்டக்‌ஷன் மோட்டார், அது சுத்துற சைடு சேனல் புளோயர் (காத்தை உறிஞ்சுற பகுதி), அதுவும் ஃபில்டருக்குப் பின்னாடி சுத்தமான காத்துப் பக்கம்தான் இருக்கணும்.

சர்ட்டிபிகேட் போலி இல்ல. ஆனா வேற ஒரு த்ரீ பேஸ் மோட்டாருக்கு வாங்கினது. அதுவும் எரியுற கேஸ் (வாயு) இருக்கிற இடத்துக்கு. எஃப்எல்பின்னா கேஸ் உள்ளே வெடிச்சாலும் நெருப்பு வெளிய வராம தாங்குற பாடி. தூசுக்கு வேணும்கறது தூசு உள்ளேயே போகாத, மேல்பரப்பு சூடு ஏறாத பாடி. ரெண்டும் வேற கணக்கு. குறியீட்டோட கடைசி ரெண்டெழுத்தைப் பாருங்க: ‘ஜிபி’ன்னு முடிஞ்சா கேஸ், ‘டிபி’, ‘டிசி’ன்னு முடிஞ்சா தூசு. எங்களுக்கு வந்தது ஜிபி. காசு போடறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் பார்த்திருந்தா போதும்.

ஹோஸ்தான் இன்னும் கேவலம். கறுப்பா இருந்தா ஆன்ட்டி ஸ்டாட்டிக்னு அர்த்தம் இல்லைங்க. மல்டிமீட்டரோட ஒரு முனையை நாசில்லயும் இன்னொண்ணை பிளக்கோட எர்த் பின்லயும் வச்சுப் பார்த்தா ‘ஓஎல்’, அதாவது இணைப்பே இல்ல. ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டணும். ஹோஸ் முனையில இருக்கிற கஃப்பைப் பிரிச்சுப் பார்த்தா, ஹோஸுக்குள்ள ஓடுற சுருள் கம்பியை அரை இஞ்ச் உள்ளேயே வெட்டி, இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சிருக்கான். கம்பியே இல்லாத ஹோஸைவிட இது மோசம். எர்த் ஆகாத கம்பி, மாவு உரச உரச சார்ஜைச் சேர்த்து வச்சு, பக்கத்துல எர்த் ஆன இரும்பு வந்ததும் ஒரே பொறியா விடும். ஃபில்டர் வெறும் வெள்ளை பாலியஸ்டர், கார்பன் இழை ஒண்ணுகூட இல்ல. சக்கரம் நாலும் பிளாஸ்டிக். சார்ஜ் தரைக்கு இறங்க வழியே இல்ல.

போன் போட்டா பதில்: ‘பிரஷ் இருந்தா என்ன சார், மூடி போட்டுத்தானே இருக்கு.’ சர்ட்டிபிகேட் நம்பர் மோட்டார் நம்பரோட ஒத்துப்போகலையேன்னா, ‘அது சாம்பிள் காப்பி சார்.’ ரெண்டு நாள் கழிச்சு வேற ஒருத்தன்: ‘இதுவரைக்கும் ஏதாவது வெடிச்சுதா சார்? இல்லைல்ல?’ இதுக்கு என்ன பதில் சொல்றது? வெடிச்சா கம்ப்ளைன்ட் பண்ண யார் இருப்பா? அப்புறம் சர்வீஸ் ஆள் திங்கக்கிழமை வருவார்னாங்க. மூணு திங்கக்கிழமை போச்சு. தளத்துக்கு எழுதினா, பணம் எங்க மூலமா வரலை, நாங்க அறிமுகம் மட்டும்தான்னு சொல்லி டிக்கெட்டை மூடிட்டாங்க. 1,86,440 ரூபாய்க்கு இப்ப ஸ்டோர் ரூம்ல ஒரு கார் வாஷ் மெஷின் நிக்குது.

எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு முழுசா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப வக்கீலைப் பார்க்கக் கிளம்பணும். அவசரத்துக்கு இது மட்டும்: சர்ட்டிபிகேட் மோட்டாருக்கு மட்டுமா, மொத்த மெஷினுக்கான்னு எழுத்துல வாங்குங்க. ஐஇசிஇஎக்ஸ் (வெடிக்கிற இடத்து மெஷினுக்கான சர்வதேச சர்ட்டிபிகேட் அமைப்பு) நம்பர் கொடுத்தா அவங்க வெப்சைட்லயே இலவசமா தேடிப் பார்க்கலாம். லாரியில இருந்து இறக்கினதும் மூடியைக் கழட்டுங்க, ஹோஸை மீட்டர் வச்சுப் பாருங்க, அதுக்கப்புறம்தான் பாக்கி பணம். நல்ல மெஷின் வர்ற வரைக்கும் மெத்துனு நார் பிரஷ்ஷால மேலேர்ந்து கீழ மெதுவா, தூசு கிளம்பாம கூட்டுங்க. ஏர் ஹோஸை மட்டும் தொடாதீங்க. அலுமினியம் பஃபிங் பண்றவங்க இதையெல்லாம் வச்சு வாங்கிடாதீங்க, உங்களுக்குத் தண்ணியில முக்கிப் பிடிக்கிற வகை வேணும், அதுல அலுமினியமும் தண்ணியும் சேர்ந்து உண்டாகுற ஹைட்ரஜன் வெளியேற வழியும் இருக்கணும்.