ஜெட்டிக்கு முன்னால் கைவிடும் கட்டுப்பாடு: பெரிய யாட்டுக்கு எந்த ஏற்பாடு தேவலாம்?

பெரிய யாட் (சொகுசுப் படகு) ஒன்று ஜெட்டியில் போய் மோதும் காணொளி பரவும்போதெல்லாம் தீர்ப்பு உடனே வந்துவிடும்: கேப்டனுக்கு ஓட்டத் தெரியவில்லை. பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் 2021 பிப்ரவரியில் கரீபியனின் சின்ட் மார்ட்டன் தீவில், சிம்சன் பே பாலத்தருகே, 77 மீட்டர் நீளமுள்ள 'கோ' என்ற யாட் அங்குள்ள யாட் கிளப்பின் ஜெட்டியைப் பிளந்தபோது, கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னபடி கேட்கவில்லை என்பதே வெளியான விளக்கம். ஓட்டத் தெரிந்த கையும் இப்படி மாட்டிக்கொள்ளலாம் என்றால், எந்த இயக்க ஏற்பாடு ஜெட்டியோரம் எளிதாக வந்து அணைய உதவுகிறது என்பதோடு பழுதானால் அது என்ன செய்யும் என்றும் ஒப்பிட்டாக வேண்டும். விற்பனைப் பிரசுரங்கள் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கின்றன.

இதில் ஒரு வினோதம் உண்டு. கப்பல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை, என்ஜினை மேலிருந்து இயக்கும் தொலைக்கட்டுப்பாடு செயலிழந்தால் அலாரம் அடிக்க வேண்டும், முடிந்தவரை புரொப்பல்லர் அதுவரை இருந்த வேகத்திலும் திசையிலும் அப்படியே தொடர வேண்டும் என்கிறது. என்ஜின் அறையில் ஆள் பொறுப்பேற்கும் வரை அப்படி. நடுக்கடலில் இது அருமையான விதி. புயலில் கம்பி ஒன்று அறுந்ததற்காகக் கப்பல் நின்றுவிடக் கூடாது அல்லவா? ஆனால் ஜெட்டிக்கு முப்பது மீட்டர் முன்னால், 'அப்படியே தொடர்வது' என்றால் மோதுவது என்று பொருள்.

மோதலின் கணக்கும் கொடியது. 500 டன் எடையுள்ள கலம் 1 நாட் (மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 66 கிலோஜூல். 3 நாட்டில் அது ஒன்பது மடங்கு, ஏறக்குறைய 600. இவ்வளவையும் கலத்தின் பக்கவாட்டில் தொங்கும் ஃபெண்டர் மெத்தை தாங்கிக்கொள்ளும் என்று நம்பி வருகிறவர்களைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.

சரி, ஏற்பாடுகளுக்கு வருவோம். பழைய முறை, இரட்டைத் தண்டு: நிலையான இறக்கைக் கோணம் கொண்ட இரண்டு புரொப்பல்லர், இரண்டு சுக்கான், முன்னால் ஒரு பௌ த்ரஸ்டர், அதாவது கலத்தின் முன்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு புரொப்பல்லர். பின்னோக்கிப் போக கியர் நியூட்ரலுக்கு வந்து பிறகு மாற வேண்டும், அந்த இடைவெளி எரிச்சலூட்டும். ஓட்டவும் பழக வேண்டும். ஒரு என்ஜினை முன்னும் மற்றதைப் பின்னும் போட்டு கலத்தைத் திருப்புவது ஒரு நாளில் வராது. ஆனால் பழுது வந்தால் விஷயம் எளிது. கியர் முன்னோக்கியே மாட்டிக்கொண்டதா? அந்த என்ஜினை நிறுத்து, தள்ளுவிசை போய்விடும். மற்றொரு என்ஜின் மிச்சம் இருக்கிறது.

இரண்டாவது, இறக்கைக் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பல்லர். தண்டு எப்போதும் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கைகள் திரும்பித்தான் முன், பின் எல்லாம். கை தேர்ந்தவரிடம் இது வெண்ணெய் மாதிரி வேலை செய்யும், கியர் தாமதம் கிடையாது. ஆனால் கோணத்தை மாற்றும் ஹைட்ராலிக்கோ மின்னணுவோ சிக்கிக்கொண்டால், லீவர் 'பின்' என்று காட்டும். நீருக்கடியில் இறக்கை இன்னும் 'முன்' என்றே நிற்கும்.

அப்படி நடந்ததற்கு நான் அடிக்கடி சுட்டுவது யாட் விபத்து அல்ல, பயணிகள் படகு ஒன்று. 2013 ஜனவரி 9, நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 11ஆம் எண் ஜெட்டி. முந்தைய ஆண்டுதான் வாட்டர்ஜெட்டை எடுத்துவிட்டு கோணம் மாறும் புரொப்பல்லர் போடப்பட்ட 'சீஸ்ட்ரீக் வால் ஸ்ட்ரீட்', ஏறத்தாழ 12 நாட் வேகத்தில் ஜெட்டியில் மோதியது. 79 பயணிகளுக்குக் காயம். விசாரித்த அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டுபிடித்தது, எந்தப் பாகமும் வெடித்ததாக அல்ல. அமைப்பு காப்பு முறைக்கு, அதாவது பேக்கப் மோடுக்கு மாறியிருந்தது கேப்டனுக்குத் தெரியவில்லை. நடுவிலுள்ள கட்டுப்பாட்டு மேசையிலிருந்து பக்கவாட்டு விங் மேசைக்குக் கட்டுப்பாட்டை மாற்றியதும் ஜெட்டிக்கு மிக அருகில். தவறு புரிந்தபோது நேரமும் இல்லை, தூரமும் இல்லை. எந்த முறையில் ஓடுகிறது என்பதைக் காட்டும் விளக்கும் ஒலியும் தெளிவாக இல்லை என்றும் வாரியம் சொன்னது. ஒரு சிறிய விளக்கு. அது கண்ணில் படும் இடத்தில் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது, பாட் அமைப்பும் (கலத்துக்கு அடியில் தானே திரும்பும் புரொப்பல்லர் அலகுகள்) ஜாய்ஸ்டிக்கும். வோல்வோ பென்டா 2006 வாக்கில் இதைப் பரவலாக்கியது. 2018இல் யாட் தானே வந்து அணைவதைச் செய்தும் காட்டியது. குச்சியைப் பக்கவாட்டில் சாய்த்தால் கலம் பக்கவாட்டில் நகரும். காற்றடிக்கும் நாளில் புதியவருக்கு இதைவிட நல்ல உதவி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குச்சிக்கும் புரொப்பல்லருக்கும் நடுவில் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. பாட் ஒன்று போனால் பக்கவாட்டு நகர்வே போய்விடும். அப்போது ஒற்றைப் பாட்டை லீவரால் ஓட்டத் தெரிய வேண்டும். ஜாய்ஸ்டிக்கிலேயே பழகியவருக்கு அது கைவராது. மின்னழுத்தமும் ஒரு தொல்லை: 24 வோல்ட் கொஞ்சம் தாழ்ந்தாலோ, கனெக்டரின் ஒரு ஊசி பச்சை பூத்திருந்தாலோ திரை எச்சரிக்கை கொடுத்துவிட்டு நியூட்ரலுக்குப் போகலாம். இது மோதுவதைவிட நல்லதுதான், ஆனால் காற்று கலத்தைப் பக்கத்துக் கப்பல் மேல் தள்ளிக்கொண்டு போகும்.

பௌ த்ரஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று, நான்கு நாட்டுக்கு மேல் அது பெரிதாக உதவாது. பிரதான என்ஜினின் சக்தியிலேயே அது ஓடும் கப்பல்களில், அவசரத்துக்கு என்ஜினை நிறுத்தினால் அதுவும் சேர்ந்து போய்விடும். இதை யோசிக்காமல் 'அவசர நிறுத்தம்' பொத்தானை நம்புகிறவர்கள் அதிகம்.

என் தேர்வு: நிரந்தரக் குழுவோடு ஓடும் 40 மீட்டருக்கு மேற்பட்ட யாட் என்றால் இரட்டைத் தண்டும் தனி மின்வழியில் ஓடும் த்ரஸ்டரும்தான். உரிமையாளரே ஓட்டும் சின்ன யாட்டுக்கு ஜாய்ஸ்டிக். கோணம் மாறும் புரொப்பல்லரை, வேறு காரணம் இல்லாதபோது, நான் எடுக்கமாட்டேன்.

எதை எடுத்தாலும், வாங்கும் முன் நடக்கும் கடல் சோதனையில் ஜெட்டி எதுவும் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து, 3 நாட்டில் போகும்போது விங் மேசைக்குப் போகும் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். தள்ளுவிசை நிற்கிறதா, தொடர்கிறதா? எந்த விளக்கு எரிகிறது? நடு மேசையில் இருப்பவர் எத்தனை விநாடியில் கையில் எடுக்கிறார்? கட்டும் யார்டு இதற்கு முகம் சுளித்தால், மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.